கப்பல் கட்டணத்துக்கு நிகராகக் கரைச்சுற்றுலாக் கட்டணம்: போய்வந்தவர்கள் பதில் சொல்லுங்கள்

கல்லடிக் கடற்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் நானும் மனைவியும் முதல்தடவையாக உல்லாசக் கப்பலில் போய்வந்தோம். மூத்த மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். அவள்தான் எங்களையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போனாள். சிங்கப்பூரில் ஏறி, போர்ட் கிளாங், பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மீண்டும் சிங்கப்பூர். ஆளுக்கு 390 அமெரிக்க டொலர். தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம் என்றதும், இது நியாயமான விலைதானே என்று மனம் சமாதானமானது.

கரையில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பதற்குத் தனியாகக் கட்டவேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. கப்பலில் அதை ஷோர் எக்ஸ்கர்ஷன் என்கிறார்கள். போர்ட் கிளாங்கில் 109 டொலர், பினாங்கில் 79, புக்கெட்டில் 129. பேரனுக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு பேருக்கும் மூன்று துறைமுகங்களுக்குமாக 1,180 டொலர், நம் இலங்கைக் காசில் மூன்றரை இலட்சம் ரூபாய். புது இடம், பாஷை தெரியாத இடம், வயதான இருவர் என்று பயந்து மகள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கட்டிவிட்டாள்.

போர்ட் கிளாங் சுற்றுலாவில் பத்துமலையும் இருந்தது. என் மனைவிக்கு அந்தப் பயணமே பத்துமலைக்காகத்தான். எங்கள் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் வாசலில் வாங்கிய கற்பூரத்தைக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். 42.7 மீற்றர் உயர முருகன் சிலைக்கு முன்னால் பஸ் எங்களை இறக்கியது. வழிகாட்டி 14 என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, நாற்பத்தைந்து நிமிடம் என்றார். படிகள் 272. மனைவிக்கு முழங்கால் வருத்தம். நூறு படிவரை ஏறி, ஓரத்தில் இருந்து மூச்சு வாங்கினார். பேரன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தான். இன்னும் பத்து நிமிடம் தந்திருந்தால் அவர் எழுந்து ஏறியிருப்பார் என்பது எனக்கு நிச்சயம். கீழே பார்த்தால் 14ஆம் இலக்க அட்டை மேலும் கீழும் ஆடுகிறது. குகைக்குள் இருக்கும் சந்நிதியைக் காணாமல் இறங்கினோம். அடுத்ததாக பஸ் நின்றது ஒரு சொக்கலேற் கடையில். அங்கே ஐம்பது நிமிடம். சந்நிதிக்கு நாற்பத்தைந்து, கடைக்கு ஐம்பது! அந்தக் கணக்கை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பினாங்கில் இன்னொன்று. இறங்குதுறையில் பஸ்ஸில் ஏற்றி, வீதிகளைச் சுற்றி, கோர்ன்வாலிஸ் கோட்டையில் இறக்கினார்கள். மதிலடியில் நின்று நிமிர்ந்து பார்க்கிறேன், மரங்களுக்கு மேலே எங்கள் கப்பலின் புகைபோக்கி தெரிகிறது. நடந்தே வந்திருக்கலாம்.

அந்தக் கற்பூரம் அப்படியே கல்லடிக்குத் திரும்பி வந்தது. கப்பலில் கற்பூரம் ஏற்ற அனுமதியில்லை. கேட்கிறேன்: இந்த விலை எதற்காக? வேறு வழி இருந்ததா?

கல்முனைக்குடி எழுதியது:

சேர், பினாங்குக் கதையை வாசித்ததும் மனம் பொறுக்கவில்லை. நாங்களும் அதே வழியில் போனவர்கள். ஸ்வெட்டன்ஹாம் இறங்குதுறை ஜோர்ஜ் டவுன் நகரத்தின் வாசற்படி. கப்பலை விட்டு இறங்கினால் எதிரே மணிக்கூட்டுக் கோபுரம். நானும் மனைவியும் ஒரு சதமும் கட்டாமல் நடந்தோம். கபித்தான் கெளிங் பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். 1801இல் நம்மைப்போலத் தமிழ் பேசிய வணிகர்களும் சேர்ந்து எழுப்பிய பள்ளி. அதன் வராந்தாவில் இருந்தபோது தூரதேசத்தில் இருக்கிறோம் என்ற எண்ணமே வரவில்லை. அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் குயின் வீதி மகாமாரியம்மன் கோயில், 1833இல் கட்டியது. பக்கத்தில் குட்டி இந்தியா, கடைகளில் தமிழ். நகரத்துக்குள் இலவச பஸ்ஸும் ஓடுகிறது. பாஷை தெரியாத இடம் என்று உங்கள் மகள் பயந்திருக்கத் தேவையில்லை. வழி கேட்ட நான்கு பேரில் மூவர் எங்களுக்குத் தமிழில் பதில் சொன்னார்கள்.

வாழைச்சேனை அலை எழுதியது:

ஐயா, நான் ஆறு வருடமாக உல்லாசக் கப்பல்களில் வேலை செய்கிறேன். உணவுமண்டபத்தில் தொடங்கி இப்போது வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வேலை செய்யும் இடத்தைப் பெயர் சொல்லி எழுத முடியாது, ஆனால் பெரும்பாலான கப்பல்களுக்கு இந்தக் கணக்கு பொது.

டிக்கெட்டை மலிவாக வைப்பதே ஆட்களை ஏற்றுவதற்கு. ஏறியபின் விற்கும் மதுபானம், இணையம், மசாஜ், சூதாட்டம், படம் எடுப்பது, கரைச்சுற்றுலா ஆகியவற்றில்தான் நல்ல இலாபம். சுற்றுலாவைக் கப்பல் தானே நடத்துவதில்லை. அந்தந்த நாட்டில் ஒரு முகவர் நிறுவனம் பஸ், வழிகாட்டி, சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் ஏற்பாடு செய்யும். அதன் விலைக்கு மேல் கப்பல் தன் பங்கை வைத்து விற்கும். நீங்கள் பார்த்த சொக்கலேற் கடை வழியில் தற்செயலாக வந்ததல்ல. அப்படியான கடைகள் ஆட்களைக் கொண்டுவருவோருக்குத் தரகு கொடுப்பது பல நாடுகளில் வழக்கம்.

ஆனால் அந்தக் காசில் ஒரு பகுதிக்கு நீங்கள் வாங்குவது பஸ் இருக்கையை அல்ல, கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும் என்ற உறுதியை. கப்பலின் சொந்தச் சுற்றுலா பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டால் கப்பல் நிற்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைத் தன் செலவில் கொண்டுவந்து சேர்க்கும். தனியாகப் போனவர் பிந்தினால் நிற்காது. இறங்குதுறையை விடவேண்டிய நேரம், கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுசெல்லும் மாலுமி ஏறும் நேரம் எல்லாம் முன்பே குறித்தவை.

ஒருநாள் புக்கெட்டில் என் கண்முன் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே கப்பல் கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை ஏற்றி இறக்கும். கடைசிப் படகும் வந்து, அதைத் தூக்கிக் கட்டியாயிற்று. கரையில் ஒரு குடும்பம் கைகளை வீசுகிறது. தொலைநோக்கியில் பார்த்தேன். தகப்பனின் தோளில் பிள்ளை, ஒரு காலில் மட்டும் செருப்பு. மற்றச் செருப்பைத் தாய் கையில் பிடித்திருக்கிறார். என்ன நடந்ததென்றால், தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசிய நேரத்தைவிட ஒரு மணித்தியாலம் பின். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றவில்லை. அவர்களின் கைத்தொலைபேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது என்று நம்பிக் கடற்கரையில் இருந்திருக்கிறார்கள். அவர்களின் அறையிலிருந்து கடவுச்சீட்டுகளை எடுத்து, துறைமுக முகவரிடம் சேர்ப்பிக்க நான்தான் உறையில் போட்டேன். விமானச் செலவு அவர்களுடையது.

அதனால் தனியாகப் போகிறவர்கள் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். தொலைபேசியை நம்பவேண்டாம்.

மாமாங்கம் மகள் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் எழுதுகிறேன். என் அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர். அதே போர்ட் கிளாங்கில், நாற்காலியோடு தூக்கி ஏற்றும் வசதியுள்ள பஸ்ஸைக் கப்பல் ஏற்பாடு செய்து தந்தது. சாதாரணச் சுற்றுலாவைவிட இன்னும் கூட விலை. மனமொப்பிக் கட்டினேன். முன்பின் தெரியாத நகரத்தில் அப்படி ஒரு வண்டியை நான் எங்கே போய்த் தேடுவேன்? நடுவீதியில் வண்டி நின்றுபோனால் அம்மாவை எப்படித் திருப்பிக் கொண்டுவருவேன்? விலை கூட என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கொள்ளை என்று சொல்லாதீர்கள். அம்மா அன்று பஸ் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி கோலாலம்பூர் இரட்டைக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். எட்டு வருடமாக வீட்டு முற்றத்தைத் தாண்டாத மனுஷி.

கல்லடிக் கடற்கரை எழுதியது:

மகள், நீங்கள் சொல்வது முழுவதும் சரி. கொள்ளை என்ற சொல்லை நான் எழுதவில்லை. ஆனாலும் மனதில் அது இருந்தது உண்மை, அதை எடுத்துவிடுகிறேன். எனக்குள்ள ஆற்றாமை விலையைவிட நேரத்தைப் பற்றியது. அந்த விலைக்கு, கோயில் படியில் இருந்த ஒரு மூதாட்டிக்குப் பத்து நிமிடம் கிடைத்திருக்க வேண்டும்.

தம்பி வாழைச்சேனை அலை, போர்ட் கிளாங்கில் இறங்கிப் பத்துமலைக்குத் தனியாகப் போக வழி உண்டா?

வாழைச்சேனை அலை எழுதியது:

உண்டு ஐயா. ஆனால் பினாங்கைப்போல இலகு அல்ல. போர்ட் கிளாங் என்று பெயர் இருந்தாலும் உல்லாசக் கப்பல்கள் நிற்பது புலாவ் இண்டா என்ற தீவில். ரயில் நிலையத்துக்கு நடக்க முடியாது, டாக்சியில்தான் போகவேண்டும். போர்ட் கிளாங் நிலையத்தில் கொமியூட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் மாறினால், அடுத்த ரயில் பத்துமலை அடிவாரத்திலேயே நிற்கும். ரயில் டிக்கெட் சில ரிங்கிட்தான், குகைக் கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் போக வர அரை நாளுக்கு மேல் போய்விடும். கப்பல் காலையில் வந்து மாலையில் புறப்படும் நாளில் நான் என் பெற்றோரை ரயிலில் அனுப்பமாட்டேன். நான்கு பேர் என்றால் கிராப் என்ற வாடகைக்கார் செயலியில் ஒரு காரைப் பிடித்து நேரே பத்துமலைக்குப் போங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். நால்வருக்கும் சேர்த்தே ஒருவருக்குக் கப்பல் கேட்கும் விலையைவிட மிகக் குறைவாக முடியும், படியில் இருந்து எவ்வளவு நேரமும் மூச்சு வாங்கலாம். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் மட்டும் அங்கே நிற்கவேண்டாம்.

தாழங்குடா, லண்டன் எழுதியது:

மத்தியதரைக் கடல் பக்கம் போகிறவர்களுக்கு என் பங்குக்கு. ரோம் என்று விளம்பரத்தில் இருக்கும், கப்பல் நிற்பது சிவிற்றாவெக்கியாவில். ரோம் அங்கிருந்து சுமார் 80 கிலோமீற்றர். கப்பலின் பஸ்ஸுக்கு ஆளுக்கு 90 யூரோ கேட்டார்கள், வழிகாட்டி இல்லாமல் வெறும் போக்குவரத்துக்கு. நாங்கள் ரயிலில் போனோம். நேப்பிள்ஸில் கப்பல் நகரத்திலேயே நிற்கிறது. பொம்பெயி இடிபாடுகளுக்கு உள்ளூர் ரயில் போகிறது. நெரிசல், பணப்பை கவனம். கிபி 79இல் எரிமலைச் சாம்பல் மூடிய வீதியில், கல்லில் வண்டிச் சக்கரம் அறுத்த தடத்தை என் மகன் விரலால் தடவிப் பார்த்தான். கப்பலின் குழு எங்களைக் கடந்து வேகமாகப் போனது. நாங்கள் அந்தத் தடத்தருகிலேயே இருந்தோம்.

ஒரு எச்சரிக்கை: இலங்கைக் கடவுச்சீட்டில் ஊரிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும் பெற்றோருக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா பலதடவை நுழைவுக்குரியதா என்று பாருங்கள். கப்பல் இடையில் ஷெங்கனில் சேராத நாட்டுக்குப் போய்த் திரும்பினால் அது கட்டாயம்.

பாலமீன்மடு எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. இந்தக் கப்பல்கள் ஏன் மட்டக்களப்புக்கு வருவதில்லை? வந்தால் நம் பிள்ளைகளுக்கும் வருமானம்தானே.

கல்முனைக்குடி எழுதியது:

தம்பி, முகத்துவாரத்தில் மணல்மேட்டைக் கடந்து பெரிய கப்பல் உள்ளே வர ஆழம் எங்கே? ஒலுவிலில் 2013இல் துறைமுகம் திறந்தார்கள். மணல் வந்து வாயை அடைத்தது. வடக்குப் பக்கம் கடல் கரையைத் தின்று தென்னந்தோட்டங்களைக் கொண்டுபோனது. அங்கே காணி இழந்தவர்கள் என் உறவினர்கள். அதைப் பற்றி எழுத இன்னொரு இழை வேண்டும்.

வாகரை வீதி எழுதியது:

நான் மட்டக்களப்பில் வான் ஓட்டுபவன். இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். பயணிகள் பக்கத்தைச் சொன்னீர்கள், வண்டி ஓட்டுபவன் பக்கத்தை நான் சொல்கிறேன்.

திருகோணமலைக்கு உல்லாசக் கப்பல் வரும் நாட்களில் அங்கே வான்கள் போதாமல் எங்களையும் கூப்பிடுவார்கள். அதிகாலை இரண்டு மணிக்கு வண்டியைக் கழுவிப் புறப்படுவேன். வாகரை, வெருகல் கடந்து 130 கிலோமீற்றர். ஆறு மணிக்குத் துறைமுக வாசலில் வரிசையில் நிற்கவேண்டும். ஒருமுறை ஒன்பது பேரைப் பொலன்னறுவைக்கு ஏற்றிப்போய்வந்தேன். திரும்பும் வழியில் முன்னிருக்கையில் இருந்த பெரியவர், நீ இதில் எவ்வளவு உழைக்கிறாய் என்று விசாரித்தார். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் தன் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். 119 டொலர். ஒன்பது பேருக்கு 1,071 டொலர், மூன்று இலட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். என் கைக்கு வந்தது 32,000. டீசல் என்னுடையது. பத்தில் ஒரு பங்கு என்று அப்போதே கணக்குப் பார்த்துவிட்டேன்.

நான் நியாயமாகவே பேசவேண்டும். மிச்சம் முழுவதும் யாரோ ஒருவர் பையில் போகவில்லை. பொலன்னறுவையில் வெளிநாட்டவருக்கு நுழைவுச்சீட்டே டொலரில்தான். சாப்பாடு இருக்கிறது, வழிகாட்டி இருக்கிறார், கொழும்பில் முகவர் அலுவலகம் இருக்கிறது, அதற்கு மேல் கப்பல். எனக்கு நோகும் இடம் வேறு. கல்விகாரையில் படுத்திருக்கும் புத்தர் சிலைக்கு முன் அந்தப் பெரியவர் நிற்கிறார், நகர மனம் வரவில்லை. வழிகாட்டியோ கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்து மரச்சிற்பக் கடை. அந்தக் கடையில் நிறுத்தவேண்டும் என்பது எனக்குத் தந்த நேர அட்டவணையிலேயே அச்சிட்டிருந்தது. சேர், பத்துமலைப் படியில் உங்கள் மனைவியை எழுப்பிய வழிகாட்டியின் கையிலும் அப்படி ஒரு தாள் இருந்திருக்கும். நானும் அந்தத் தாளின்படி ஓட்டியவன் என்பதால் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

கல்லடிக் கடற்கரை எழுதியது:

தம்பி, நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும்? உங்கள் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பத்தில் ஒரு பங்கு என்ற இடத்தில் மறுபடி வாசிக்கச் சொன்னார். நாங்கள் கொடுத்த 109 டொலரில் அந்த பஸ் சாரதிக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டார். இறங்கும்போது அவருக்கு எதுவும் கொடுக்காமல் வந்துவிட்டோம் என்று இப்போது வருந்துகிறார்.

உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. மகளோடு வேலை செய்யும் ஒரு தமிழ்க் குடும்பம், ஐந்து பேர், திருகோணமலையில் நிற்கும் கப்பலில் வரப்போகிறார்கள். காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குப் புறப்படுமாம். கப்பலின் சுற்றுலா எடுக்கவேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். மட்டக்களப்பு வாவி, கல்லடிப் பாலம், கோட்டை எல்லாம் பார்க்க ஆசைப்படுகிறார்கள். உங்கள் வானில் கூட்டிவந்து காட்டுவதற்கு எவ்வளவு எடுப்பீர்கள்? அவர்கள் கொடுப்பது முழுவதும் உங்கள் கைக்கே வரட்டும்.

வாகரை வீதி எழுதியது:

சேர், நம்பிக் கேட்டதற்கு நன்றி. ஆனால் அவர்களை மட்டக்களப்புக்கு வரச் சொல்லாதீர்கள். எட்டு மணிக்குக் கப்பல் கட்டினாலும் ஆட்கள் வெளியே வர ஒன்பதாகும். இங்கே வந்துசேரப் பன்னிரண்டு. மாலை நாலரைக்குள் ஏறிவிடவேண்டும் என்பார்கள், நான் மூன்றரைக்கே வாசலில் விடவேண்டும் என்று நினைப்பவன். அப்படியானால் பன்னிரண்டரைக்கு இங்கிருந்து திரும்பவேண்டும். கோட்டை வாசலைக் காட்டி வண்டியைத் திருப்புவதற்கு ஆறு மணித்தியால ஓட்டக் கூலியை நான் வாங்கமாட்டேன்.

திருகோணமலையிலேயே நிற்கச் சொல்லுங்கள். வெயில் ஏறுமுன் கோணேஸ்வரம் போகட்டும். போகும் வழியிலுள்ள திருகோணமலைக் கோட்டை வாசலில் மான்கள் நிற்கும், பிள்ளைகள் பார்க்கட்டும். பிறகு கன்னியா வெந்நீரூற்று, ஏழு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. மாற்றுத்துணி கொண்டுபோகச் சொல்லுங்கள். நேரம் இருந்தால் நிலாவெளிக் கடற்கரை. இதற்கு என் வான் தேவையில்லை. ஐந்து பேருக்கு இரண்டு ஓட்டோ போதும். துறைமுக வாசலில் ஏறாமல், வெளியே வீதிக்கு நடந்துபோய்ப் பேசி ஏறட்டும். ஏறுமுன் முழு நாளுக்கும் சேர்த்து விலையைப் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே என் மச்சான் ஒருவர் ஓட்டோ ஓட்டுகிறார், தனிச் செய்தியில் கேளுங்கள், இலக்கம் தருகிறேன்.